ஆலோசனை கூறுவோரும் ஆணையிடுவோரும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

மாநகராட்சி என்றதும் குடிநீர்க் குழாயும் குப்பை வண்டியும் தெருவிளக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றைப் பற்றி முடிவு செய்பவர் யார் என்று கேட்டால், "கவுன்சிலர்தான்" என்று ஐந்தாம் வகுப்புத் தங்கைகூட விடை சொல்லிவிடுவாள். ஆயினும் செய்தித்தாளைப் பிரித்தால் கவுன்சிலர்களின் பெயர்களைக் காட்டிலும் குழுக்களின் பெயர்களே மிகுதியாகக் கண்ணில் படுகின்றன. வல்லுநர் குழு, போக்குவரத்து ஆலோசனைக் குழு, பழங்காலக் கட்டடப் பாதுகாப்புக் குழு, நிதி ஆணையம் என்று அவை பலவகை. இவற்றில் இருப்போரை நம் பெற்றோர் வாக்களித்து அனுப்பவில்லை. அரசோ, அதிகாரியோ, சில வேளைகளில் மாமன்றமோ அவர்களை நியமிக்கிறது. அப்படியானால் அவர்கள் சொல்வதை மாமன்றம் கேட்டே ஆக வேண்டுமா? வேண்டாம் என்றால் அவர்களை அழைப்பானேன்?

சென்ற ஆண்டு குடிமையியல் வகுப்பில் உள்ளாட்சிப் பாடம் நடந்தபோது எழுந்த இந்தக் கேள்வி, மணி அடித்த பின்னும் ஓயவில்லை. "விவரம் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் ஊர் உருப்படும்" என்று ஒரு கட்சி; "ஓட்டு வாங்கியவரே ஆள வேண்டும், மற்றவர் ஏன் தலையிட வேண்டும்?" என்று மறு கட்சி. "இரு கட்சியும் முதலில் அரசியல் சட்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள். நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஆலோசனைக் குழு எதற்கு என்று பார்ப்போம். கவுன்சிலராக வருபவர் தையற்கடை வைத்திருப்பவராக இருக்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியையாக இருக்கலாம். ஆட்டோ ஓட்டுநராகவும் இருக்கலாம். பாதாளச் சாக்கடைக் குழாய்க்கு எவ்வளவு சரிவு வேண்டும், ஒரு மேம்பாலம் எத்தனை டன் தாங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அது அவருக்கு இழுக்கும் அன்று. நோய் வந்தால் மருத்துவரைக் கேட்பதுபோல, இவற்றில் தேர்ந்தவரைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எல்லாக் கேள்வியும் இந்த வகையைச் சேர்ந்ததன்று. சாலை எத்தனை அடி அகலம் இருந்தால் இரண்டு பேருந்துகள் செல்லும் என்பதைப் பொறியாளர் சொல்லலாம். அந்த அகலத்திற்காக யாருடைய வீட்டுத் திண்ணையை இடிப்பது, யாருடைய பெட்டிக்கடையை எடுப்பது, அந்தச் செலவில் முதலில் சாலை போடுவதா பள்ளிக்கூடம் கட்டுவதா என்பவை பொறியியல் கேள்விகள் அல்ல. அவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவர், நாளைக்கு அதே தெருவில் வந்து நின்று வாக்குக் கேட்க வேண்டியவர்தாம்.

அறிவையும் அதிகாரத்தையும் எப்படிச் சேர்ப்பது என்பது நம் நாட்டுக்குப் புதிய கவலை அன்று. அரசன் தன்னைக் கண்டித்துச் சொல்லக்கூடிய பெரியோரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரம் செய்தார். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று அமைத்த செய்தியை நாம் எல்லாரும் வரலாற்றில் படித்திருக்கிறோம். அதில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. ஆண்டு வாரியமாகிய சம்வத்சர வாரியத்தில் அமர்வோர், ஏற்கெனவே ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் பணியாற்றிப் பழகியவர்களாக இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடவே கூடாது. அதாவது தேர்ச்சியையும் நாணயத்தையும் தேர்தலுக்கு முன்பே தகுதியாக வைத்துவிட்டார்கள். தனியே ஓர் ஆலோசனைக் குழு வேண்டியிருக்கவில்லை. சொந்த நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவருக்கு அந்தக் குடத்தில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. ஆகையால் அம்முறையை அப்படியே இன்றைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மேடையில் பேசுவோருடன் நாங்கள் உடன்படவில்லை. வயது வந்த எவரும் நிற்கலாம் என்று வைத்தபின், தேர்ச்சியை வேறு வழியாகத்தான் மன்றத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

அந்த வழியில் என்ன சிக்கல் வரும் என்பதை எங்கள் பள்ளி வாசலிலேயே கண்டோம். வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தம் ஒன்று இருந்தது. காலை எட்டரை மணிக்குப் பேருந்தும் ஆட்டோவும் மிதிவண்டியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். போக்குவரத்தைச் சீர்செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரும் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் காவல்துறை அதிகாரி ஒருவரும் அதில் இருந்தார்களாம். மூன்று நாள் நின்று வண்டிகளை எண்ணினார்கள். நிறுத்தத்தை ரவுண்டானாவைத் தாண்டி நானூறு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நிறுத்தம் அங்கே போயிருந்தது.

குழு சொன்னது தவறென்று நாங்கள் கூற மாட்டோம். வாசலில் நெரிசல் உண்மையாகவே குறைந்தது. ஆனால் அந்த நானூறு மீட்டருக்கு நடைபாதை கிடையாது. இடையில் ஒரு மதுக்கடை இருக்கிறது. மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு அதைக் கடந்து போகும் பெண்பிள்ளைகளின் நிலையை அன்னையர் அறிவார்கள். வண்டிகளை எண்ணத் தெரிந்த குழுவின் தாளில் மதுக்கடைக்கு ஒரு கட்டம் இல்லை போலும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் கவுன்சிலரிடம் சென்றார்கள். "குழு அப்படிச் சொல்லிவிட்டதே, நான் என்னம்மா செய்வது?" என்றாராம். குழுவில் இருந்த ஒருவரைக் கேட்டபோது, "நாங்கள் யோசனைதான் சொன்னோம், முடிவு செய்தது அவர்கள்" என்றாராம். இரண்டு மாதங்கள் கழித்து ஒருநாள் நிறுத்தம் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. யார் சொல்லி வந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. நெரிசலும் உடன் வந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. வகுப்பில் நாங்கள் குழுவின் பலம் கூடுதலா குறைவா என்று மட்டுமே வாதாடினோம். பலம் எவ்வளவு என்பதைவிட, பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் போவதே பெரிய தீங்கு. குழுவின் பின்னால் மன்றம் ஒளிந்துகொள்கிறது. மன்றத்தின் பின்னால் குழு ஒளிந்துகொள்கிறது. நடுவில் நிற்பவர் புத்தகப் பையுடன் நடந்து செல்ல வேண்டியவர்.

இனி நம் அரசியல் சட்டம் என்ன சொல்கிறது என்று காண்போம். 74-ஆவது திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் அரசியல் சட்டத்தில் தனி இடம் தந்தது இதுவே. அதன் 243-ஆர் பிரிவு, மன்றத்தின் இடங்களை வார்டு மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பவர்களைக் கொண்டே நிரப்ப வேண்டும் என்கிறது. அடுத்த வரியிலேயே, நகராட்சி நிர்வாகத்தில் தனி அறிவோ அனுபவமோ உடையவர்களுக்கும் மன்றத்தில் இடம் கொடுக்க மாநிலச் சட்டம் வழி செய்யலாம் என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அவர்களுக்கு மன்றக் கூட்டங்களில் வாக்குரிமை இல்லை. உள்ளே வரலாம், உட்காரலாம், பேசலாம், எச்சரிக்கலாம். கை தூக்கும் நேரத்தில் கையைக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வகுப்பின் இரு கட்சிகளுக்கும் ஒரே வரியில் விடை சொன்னதுபோல இருந்தது!

ஆயினும் ஒரு வரிச் சட்டத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பூசல் நடக்கக்கூடும் என்பதற்குத் தில்லி மாநகராட்சி சான்று. அங்கே 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் தேர்தல் நடந்தது. 250 கவுன்சிலர்கள் வென்று வந்தார்கள். தில்லி மாநகராட்சிச் சட்டம், நிர்வாகத்தில் அனுபவமுள்ள பத்துப் பேரை நியமிக்க இடம் தருகிறது. 'ஆல்டர்மன்' என்று அவர்களை அழைக்கிறார்கள். (இப்பெயர் சென்னைக்குப் புதியதன்று. 1688-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது மேயருடன் பன்னிரண்டு ஆல்டர்மன்கள் இருந்தார்கள்.) தில்லியில் துணைநிலை ஆளுநர் பத்து ஆல்டர்மன்களை நியமித்தார். மேயர் தேர்தலில் இவர்கள் வாக்களிக்கலாமா கூடாதா என்று சண்டை மூண்டது. 2023 ஜனவரி 6, ஜனவரி 24, பிப்ரவரி 6 என்று மூன்று முறை மன்றம் கூடியது. மூன்று முறையும் கூச்சலும் குழப்பமுமாகக் கலைந்தது. தேர்தல் முடிந்து இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் இந்தியத் தலைநகரத்துக்கு மேயர் இல்லை.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பிப்ரவரி 17-ஆம் நாள் நீதிமன்றம், நியமன உறுப்பினர்கள் மேயர் தேர்தலில் வாக்களிக்க முடியாது என்று கூறி, கூட்டத்துக்கான அறிவிப்பை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வெளியிடுமாறு ஆணையிட்டது. பிப்ரவரி 22-ஆம் நாள் தேர்தல் நடந்தது. ஷெல்லி ஓபராய் 150 வாக்குகள் பெற்று மேயரானார். எதிர்த்து நின்றவருக்குக் கிடைத்தவை 116.

அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. அந்தப் பத்துப் பேரை யார் சொற்படி நியமிப்பது என்ற அடுத்த வழக்கில் 2024 ஆகஸ்டு 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மாநில அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்காமல் துணைநிலை ஆளுநர் தாமே நியமிக்கலாம், சட்டம் அந்த அதிகாரத்தை அவருக்கே நேராகக் கொடுத்திருக்கிறது என்று நீதிமன்றம் கூறியது. முழு மன்றத்தில் வாக்கில்லாத ஆல்டர்மன்கள், மண்டல அளவிலான வார்டு குழுக்களில் வாக்களித்து வந்தார்கள். பணத்தைக் கையாளும் நிலைக்குழுவுக்கு உறுப்பினர்களை அனுப்புபவை அக்குழுக்களே. ஆகவே முன்வாசலில் இல்லாத பலம் பின்வாசலில் இருந்தது எனலாம். ஓர் ஆலோசகரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை அவருடைய பெயர்ப் பலகையைப் பார்த்து அறிய முடியாது. அவரை நியமித்தவர் யார், எந்த அறையில் அவர் கை தூக்குகிறார் என்று பார்க்க வேண்டும்.

திட்டமிடும் குழுக்களிலும் இதே எண்ணத்தை அரசியல் சட்டம் வைத்திருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரப் பகுதிக்கு ஒரு திட்டக் குழு அமைக்க வேண்டும் என்று 243-இசட்-ஈ பிரிவு கூறுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள், நகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தம்மிடையே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். மாவட்டத் திட்டக் குழுவில் அந்தப் பங்கு ஐந்தில் நான்கு. வல்லுநருக்கு இடம் உண்டு, பெரும்பான்மை இல்லை.

இதற்கு நேர்மாறாக எண்ணியவர்களும் உண்டு. அமெரிக்க நாட்டின் வணிகத்துறை 1928-ஆம் ஆண்டு நகரத் திட்டத்துக்கென ஒரு மாதிரிச் சட்டம் வெளியிட்டது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவர் அத்துறைச் செயலராக இருந்த காலம் அது. அச்சட்டப்படி நகரத் திட்டக் குழுவில் ஒன்பது பேர் இருப்பார்கள். மேயர், ஓர் அதிகாரி, மன்ற உறுப்பினர் ஒருவர், மேயர் நியமிக்கும் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள், சம்பளம் கிடையாது. மன்றம் போட நினைக்கும் ஒரு சாலையையோ பூங்காவையோ குழு ஏற்கவில்லை என்றால் அதை மீறுவதற்கு மன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். மன்றத்தார் மாறிக்கொண்டே இருப்பார்கள், நகரமோ நூறு ஆண்டு நிற்கும் என்பது இதன் காரணம். தேர்தல் காற்றுக்கெல்லாம் நகரத் திட்டம் ஆடக்கூடாது என்று அவர்கள் கருதினார்கள்.

இதைப் படித்தபோது எங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்பதை மறைப்பானேன்! சென்னையில் 1920-களில் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். பனகல் பூங்காவைச் சுற்றித் துணி எடுக்கப் போகும் நம்மில் எத்தனை பேர் அங்கே ஏரி இருந்ததை அறிவோம்? அக்காலத்தில் வீடுகள் தேவையாக இருந்தன. ஏரியின் அருமை தெரிந்திருக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஏரிகளைப் பற்றிப் பேசாதவர் இல்லை. தூர்த்த ஏரியை மீண்டும் தோண்ட முடியுமா? தெருவிளக்கைத் தவறான இடத்தில் நட்டால் பிடுங்கி வேறிடத்தில் நடலாம். பேருந்து நிறுத்தத்தையும் எங்கள் ஊரில் நட்டதுபோல இங்குமங்கும் மாற்றலாம். நூறாண்டு ஆலமரமும் ஏரியும் பழைய கட்டடமும் அப்படிப்பட்டவை அல்ல. ஆகவே திரும்பப் பெற முடியாத காரியங்களில் மட்டும் வல்லுநர் குழுவுக்கு ஒரு தடைக்கட்டை கொடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம். "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் அன்று. "இன்னும் ஆறு மாதம் பொறுங்கள், மறுபடி கூடி, பெயர் சொல்லி வாக்களியுங்கள்" என்று சொல்லும் அதிகாரம். அதற்குமேல் கொடுத்தால் வாக்குச் சீட்டுக்குப் பொருளில்லை.

ஏனெனில் வாக்குச் சீட்டு இல்லாத நகரம் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்நாடு நன்கு அறியும். சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ஆம் ஆண்டு, மஸ்டர் ரோல் ஊழல் எனப்பட்ட கூலிப் பட்டியல் முறைகேட்டையொட்டிக் கலைக்கப்பட்டது. மறு தேர்தல் நடந்தது 1996-இல். இருபத்து மூன்று ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் தனி அதிகாரிகளே மன்றத்தின் வேலையைப் பார்த்தார்கள். அவர்கள் படித்தவர்கள், திறமைசாலிகள், அதில் ஐயமில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி அக்காலத்தில் வட சென்னையில் குடியிருந்தவர். "குழாயில் தண்ணீர் வரலேன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டறதுன்னு தெரியாது, கண்ணு" என்று அவர் சொன்னதை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இந்நிலை வராமலிருக்கவே, கலைக்கப்பட்ட மன்றத்துக்கு ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 243-யு பிரிவு பின்னர் விதித்தது. அப்படியிருந்தும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த தமிழ்நாட்டு நகர மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தல் நடக்கவில்லை.

அந்த 2022 தேர்தலில் இன்னொரு செய்தி உண்டு. பெண்கள் பள்ளியின் மலரில் அதைச் சொல்லாமல் விடலாகாது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டமானது. 200 வார்டுகள் கொண்ட சென்னைக்கு அத்தேர்தலுக்குப் பின் மேயரானவர் ஆர். பிரியா என்ற இருபத்தெட்டு வயது இளம்பெண். 1956-இல் மேயரான தாரா செரியனுக்கும் 1971-இல் மேயரான காமாட்சி ஜெயராமனுக்கும் பிறகு சென்னையின் மூன்றாவது பெண் மேயர் அவர். மன்றத்துக்கு இந்தப் 'பாதி' உண்டு. வல்லுநர் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. எங்கள் பேருந்து நிறுத்தக் குழுவில் ஒரே ஒரு தாய் இருந்திருந்தால் மதுக்கடை அறிக்கையில் ஏறியிருக்கும் அல்லவா?

விதிவிலக்காக ஒரு குழுவைப் பாராட்டத் தோன்றுகிறது. தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே, தங்களுக்குள் தேர்தல் நடத்தி வந்து அமர வேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பள்ளி வாசலில் கொய்யாவும் மாங்காய்ப் பத்தையும் விற்கும் ஆயாவும் இங்கே வல்லுநர்தான். எந்த மூலையில் வெயில் படும், எந்த மணிக்கு நெரிசல் வரும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? படித்துப் பெற்ற அறிவு ஒருவகை. பட்டுப் பெற்ற அறிவு மற்றொரு வகை. குழு அமைப்போர் முதல் வகையை மட்டுமே அறிவென்று எண்ணுகிறார்கள்.

நம் பங்குகளிலும் பேரவை உண்டு. நம் தந்தையரும் அன்னையரும் பலர் அதில் இருக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536-ஆவது பிரிவு, பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. முடிவு பங்குத்தந்தையுடையது. மாநகராட்சியில் இருப்பதற்கு இது நேர் எதிர். இங்கே மக்கள் ஆலோசனை கூறுகிறார்கள், நியமிக்கப்பட்டவர் முடிவு செய்கிறார். திருச்சபையும் மாநகராட்சியும் ஒன்றல்ல என்பதால் எது சரி என்று ஒப்பிடுவது பொருந்தாது. 'ஆலோசனை வாக்கு', 'முடிவு வாக்கு' என்று இரண்டு தனித்தனி என்பதை அது ஒளிக்காமல் எழுதி வைத்திருப்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். எங்கள் ஊர்க் குழு தொடங்கிய அன்றே இப்படி ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால், கவுன்சிலர் குழுவைக் காட்டியும் குழு கவுன்சிலரைக் காட்டியும் தப்பித்திருக்க முடியாது.

அப்படியானால் வாக்கில்லாத ஆலோசனைக்கு என்ன மதிப்பு? எழுதிக் கொடுத்த அறிக்கை அலமாரியில் தூங்கினால் என்ன செய்வது? இதற்கும் அரசியல் சட்டத்திலேயே விடை இருக்கிறது. நாங்கள் மிகவும் மகிழ்ந்தது அதைக் கண்டுபிடித்த அன்றுதான். மாநில நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படுகிறது. மாநிலத்தின் வரிப் பணத்தில் நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் எவ்வளவு என்று அது பரிந்துரை செய்கிறது. பரிந்துரையை அரசு ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பரிந்துரையையும், அதன்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற விளக்கக் குறிப்புடன் ஆளுநர் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்ய வேண்டும். தள்ளலாம்; தள்ளியதை எல்லார் முன்னும் சொல்லாமல் இருக்க முடியாது. இதையே ஒவ்வொரு மாநகராட்சிக் குழுவுக்கும் விரித்தால் என்ன? குழுவின் அறிக்கை வந்த முப்பது நாளுக்குள் மன்றக் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். ஏற்றால் ஏற்றோம் என்றும், மறுத்தால் இன்ன காரணத்தால் மறுத்தோம் என்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். "மதுக்கடை இருப்பதால் நிறுத்தத்தை மாற்ற இயலாது, அதற்குப் பதிலாகக் காலை எட்டு முதல் ஒன்பது வரை ஆட்டோக்கள் வாசலில் நிற்கலாகாது" என்று இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். நான்காம் பிரிவில், ஒவ்வோர் அரசு அலுவலகமும் தனக்கு ஆலோசனை கூற அமைத்த குழுக்களின் பட்டியலையும், அக்குழுக்களின் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்டக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்பதையும் தானாகவே வெளியிட வேண்டும் என்று இருக்கிறது. நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை அம்முடிவால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது.

நகரத் தெருக்களில் பகுதி சபைகளும் இப்போது உண்டு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் அவை கூடின. பகுதியில் வாக்காளராக இருப்பவர் எல்லாரும் அதன் உறுப்பினர்; கவுன்சிலரிடம் நேராகக் கேட்கலாம். எங்கள் பகுதியில் பின்னர் நடந்த ஒரு கூட்டத்துக்கு நாங்கள் ஆறு பேர் அன்னையருடன் சென்றோம். வாக்குரிமைக்கு இன்னும் மூன்றாண்டு இருப்பதால் பின்வரிசையில் உட்கார்ந்தோம். தெருநாய், சாக்கடை அடைப்பு, மீண்டும் தெருநாய் என்று பேச்சு சென்றது. எங்கள் தோழியின் தாயார் எழுந்து பேருந்து நிறுத்தக் குழுவின் அறிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். மேடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "விசாரித்துச் சொல்கிறோம்" என்று ஒருவர் குறித்துக்கொண்டார்.

சிஸ்டரின் உதவியுடன் நாங்களே விண்ணப்பம் ஒன்றை எழுதினோம். அறிக்கையின் நகல், அது மன்றத்தில் எந்த நாளில் வைக்கப்பட்டது, நிறுத்தத்தை மாற்றியதற்கும் திரும்ப வைத்ததற்கும் உரிய உத்தரவுகள் ஆகிய மூன்றையும் கேட்டுள்ளோம். குடிமக்கள் யாவரும் கேட்கலாம் என்றே சட்டம் சொல்கிறது, வயதைக் குறிப்பிடவில்லை. எனினும் அந்தத் தாயார் பெயரிலேயே கையொப்பமிட்டு, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் அனுப்பினோம். விடை தர அலுவலகத்துக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. இம்மலர் அச்சுக்குச் செல்லும் இன்று பதினெட்டாம் நாள்.